பேரேரிகளின் நீர்மட்டம்: எந்த வழிக்கு ஆதரவு தருவது?

2013 ஜனவரியில் வட அமெரிக்காவின் மிச்சிகன்–ஹூரான் ஏரி, கடல் மட்டத்துக்கு மேல் 175.57 மீட்டருக்கு இறங்கியது. பதிவேடுகளில் அவ்வளவு தாழ்ந்த மட்டம் அதற்கு முன் இல்லை. தண்ணீர் ஓடிப்போகிறது, ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புக் கட்டுங்கள் என்று கரையோர மக்கள் கேட்டார்கள். ஏழே ஆண்டுகள் கழித்து, 2020-ல், அதே ஏரி மாதத்துக்கு மாதம் பழைய உச்சங்களை முறியடித்துக்கொண்டிருந்தது. கரை இடிந்தது, சாலைகள் அரித்துப்போயின. இப்போது கோரிக்கை நேர்மாறாக வந்தது: தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கீழே ஒன்டாரியோ ஏரி 2017-லும் 2019-லும் கரையேறி வீடுகளுக்குள் புகுந்திருந்தது.

அமெரிக்காவும் கனடாவும் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஐந்து ஏரிகளின் கரையில் வீடு வைத்திருப்பவர், வாங்க நினைப்பவர், படகு விடுபவர் எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் கேள்வி ஒன்றுதான்: மட்டத்தைச் சீராக வைக்கப் பல வழிகள் சொல்கிறார்களே, எதை ஆதரிப்பது? அந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

## ஏரிகள் அமைந்திருக்கும் விதம்

சுப்பீரியர் ஏரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 183 மீட்டரில் இருக்கிறது. அதன் தண்ணீர் செயின்ட் மேரிஸ் ஆறு வழியாக மிச்சிகன்–ஹூரானுக்கு வருகிறது. அது சுமார் 176 மீட்டர். வரைபடத்தில் மிச்சிகனும் ஹூரானும் இரண்டு ஏரிகள். ஆனால் மாக்கினா நீரிணை இரண்டையும் இணைப்பதால் இரண்டுக்கும் ஒரே மட்டம்தான். அங்கிருந்து செயின்ட் கிளேர் ஆறு, டெட்ராய்ட் ஆறு, அப்புறம் 174 மீட்டரில் ஈரி. ஈரியின் தண்ணீர் நயாகராவில் விழுந்து 75 மீட்டரில் உள்ள ஒன்டாரியோவைச் சேர்கிறது. கடைசியில் செயின்ட் லாரன்ஸ் ஆறு மான்ட்ரியலைத் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோகிறது.

இத்தனை நீளத்தில் ஏரி மட்டத்தை ஆளும் மதகுகள் இரண்டே இடத்தில்தான் உள்ளன. ஒன்று சுப்பீரியரின் வாயில்: சூ செயின்ட் மேரியில் 1921-ல் முடிந்த 16 மதகுகளும் அவற்றோடு சேர்ந்த மின்நிலையங்களும். மற்றொன்று ஒன்டாரியோவுக்குக் கீழே, கார்ன்வாலுக்கும் மசீனாவுக்கும் நடுவே 1958-ல் இயங்கத் தொடங்கிய மோசஸ்–சாண்டர்ஸ் அணை. நடுவில் கிடக்கும் மிச்சிகன்–ஹூரானுக்கும் ஈரிக்கும் மதகே கிடையாது. நயாகரா அருவிக்கு மேலே 18 கதவுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, ஈரியை அவை ஆள்கின்றன என்று பலர் நம்புகிறார்கள். அவை அருவிக்கும் மின்நிலையங்களுக்கும் தண்ணீரைப் பிரித்துக் கொடுப்பவை மட்டுமே. 1950 ஒப்பந்தப்படி சுற்றுலாக் காலப் பகல்களில் அருவியில் நொடிக்கு 2,832 கன மீட்டராவது விழ வேண்டும். அதைக் காப்பதுதான் அவற்றின் வேலை.

இரு நாட்டு எல்லைத் தண்ணீருக்கான 1909 ஒப்பந்தத்தில் பிறந்த சர்வதேச கூட்டு ஆணையம்தான் இதில் முடிவெடுக்கும் இடம். நாட்டுக்கு மூன்று பேர் வீதம் ஆறு ஆணையர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் என்பது. இதைக் கேட்காமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. ஒன்டாரியோ ஐந்திலும் பரப்பில் சின்னது, ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். அதை ஒரு வாரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் இறக்க, வழக்கமாக விடுவதற்கு மேல் நொடிக்கு 315 கன மீட்டர் அளவுக்குக் கூடுதலாகத் திறக்க வேண்டும். மிச்சிகன்–ஹூரானின் பரப்பு அதைப்போல் ஆறு மடங்கு. ஒரு நல்ல மழை மாதம் செய்வதை மதகு செய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

இரண்டாவது, அந்தத் தண்ணீர் யார் தலையில் இறங்குகிறது. ஒன்டாரியோவில் ஒரு சென்டிமீட்டர் குறைக்கத் திறந்துவிடும் அதே தண்ணீர், மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் லூயி ஏரியில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறும். தலைமடைக்குக் கிடைக்கும் நிம்மதிக்குக் கடைமடை பத்து மடங்கு கொடுக்கிறது. என் பார்வையில் இந்த விவகாரத்தின் மையமே இந்த ஒரு விகிதம்தான்.

மூன்றாவது, தண்ணீர் ஏறும் ஆண்டிலும் இறங்கும் ஆண்டிலும் உதவுமா, அல்லது ஒரு பக்கம் மட்டும்தானா. நான்காவது, கட்டுமானச் செலவோடு மறைமுகச் செலவு: மீன், சதுப்புநிலம், கப்பல், மின்சாரம். ஐந்தாவது, தப்பாகப் போனால் திரும்பப் பெற முடியுமா. ஏரிகள் 30 ஆண்டுகளில் குணம் மாறுகின்றன, கான்கிரீட் மாறாது. அதனால் ஐந்தாவதற்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

## வழி 1: ஒன்டாரியோ மதகை இறுக்கமான விதியில் நடத்துவது

1963 முதல் 2016 வரை இருந்த 1958-டி திட்டம் இந்த வகை. ஏரியை ஏறத்தாழ 1.2 மீட்டர் இடைவெளிக்குள், அதாவது 4 அடிக்குள், வைத்திருக்க முயன்றது. கரையில் வீடு கட்டியவர்களுக்கு இது பிடித்திருந்தது. தண்ணீர் எங்கே வரும், எங்கே வராது என்று நம்பிக் கட்டினார்கள்.

பிரச்சினை இரண்டு. 1860 முதல் 1954 வரை வந்த நீர்வரத்தை வைத்துத்தான் அந்த விதியை எழுதினார்கள். அறுபதுகளின் நடுவில் அந்தக் கணக்கைவிடக் குறைவாக வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதிகமாக வந்தது. விதியை மீறித்தான் விதியைக் காப்பாற்ற முடிந்தது. மதகை இயக்கியவர்கள் திரும்பத் திரும்ப விலகல் அனுமதியில் வண்டி ஓட்டினார்கள்.

மற்றொன்று, அரை நூற்றாண்டாகக் கண்ணுக்குத் தெரியாமல் நடந்த சேதம். சதுப்புநிலத்துக்கு ஏற்ற இறக்கம் வேண்டும். தாழ்ந்த ஆண்டில் சேறு வெளியே தெரியும், விதைகள் முளைக்கும், புல்வகைகள் பரவும். உயர்ந்த ஆண்டில் ஓரத்துப் புதர்கள் மூழ்கிச் சாகும். மட்டம் சீராக இருந்தால் சம்பங்கோரை மட்டும் அடர்ந்து மற்றதை எல்லாம் நெருக்கிவிடும். ஒன்டாரியோ கரையில் நடந்தது அதுதான். பல வகைச் செடிகள் இருந்த இடங்கள் ஒரே கோரைக்காடாகிவிட்டன. மீன் முட்டையிடும் ஆழமற்ற இடங்களும் அதோடு போயின. வீட்டுக்காரருக்குக் கிடைத்த நிம்மதிக்கு இப்படி ஒரு விலை இருந்தது, அதை யாரும் பில்லில் எழுதவில்லை.

இது யாருக்கு நல்லது? தாழ்ந்த கரையில் ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு, வரத்து சராசரியாக இருக்கும் ஆண்டுகளில். வெள்ள ஆண்டில் அந்த நிம்மதி அவ்வளவாக நிற்காது. அடுத்த பகுதியில் அது தெரியும்.

## வழி 2: அதே மதகு, தளர்ந்த விதி

2014 திட்டம் என்று பெயர். நடைமுறைக்கு வந்தது 2017 ஜனவரியில். ஏரியை இயற்கையான போக்குக்குச் சற்று நெருக்கமாக விட்டு, சுமார் 26,000 ஹெக்டேர் சதுப்புநிலத்தை மீட்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வந்த நான்காம் மாதமே வெள்ளம். 2017 மே கடைசியில் ஏரி 75.88 மீட்டரைத் தொட்டது. 2019 ஜூனில் 75.92. இரண்டும் அந்தந்த நேரத்துப் புதிய உச்சங்கள். கரையில் தண்ணீர் நின்றவர்கள் புதிய திட்டத்தைக் குற்றம் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. திட்டம் வந்தது, வெள்ளம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது மனித இயல்பு.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2017 வசந்தத்தில் ஏரியின் மேல் மழை கொட்டியது. அதே வாரங்களில் ஒட்டாவா ஆறும் வெள்ளமாக வந்து மான்ட்ரியலை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மதகை அகலத் திறந்தால் மேலே சில சென்டிமீட்டர் இறங்கும், கீழே ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நிற்கும் தெருக்கள் மூழ்கும். அதனால் 2014 திட்டத்தில் ஒரு படிக்கட்டு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்: ஒன்டாரியோ எவ்வளவு ஏறுகிறதோ, அந்த அளவுக்கு செயின்ட் லூயி ஏரியிலும் ஏற அனுமதி. இரு பக்கமும் நனையும், சேர்ந்து நனையும். ஒட்டாவா ஆறு தணிந்த பிறகு மதகை நொடிக்கு 10,400 கன மீட்டர் வரை திறந்தார்கள். அந்த ஓட்டத்தில் கப்பல்கள் போவதற்கே தனிக் கட்டுப்பாடுகள் போட வேண்டியிருந்தது. பழைய விதியே இருந்திருந்தாலும் 2017-ன் உச்சம் கிட்டத்தட்ட இதே அளவுதான் வந்திருக்கும் என்று மதகை மேற்பார்க்கும் வாரியத்தின் ஆய்வு கண்டது. ஒன்டாரியோவுக்கு வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு மதகே இல்லாத ஈரியிலிருந்து வருகிறது. வாசலை இறுக்கிப் பிடித்தாலும் தளர்த்தினாலும் வரத்து வந்தே தீரும்.

குளிர்காலத்துக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, வெளியே பலருக்குத் தெரியாது. ஆற்றில் பனிமூடி நிலையாக உறையும்வரை ஓட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டு ஆறு முழுதும் நெரிந்துவிடும். 'வசந்த வெள்ளத்துக்கு முன்பே ஜனவரியில் திறந்து காலி செய்திருக்கலாமே' என்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த வழியில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. தாழ்ந்த கரையில் பழைய விதியை நம்பிக் கட்டிய வீடுகள் இதன் சுமையில் அதிகப் பங்கைச் சுமக்கின்றன. அவர்களுக்கு இழப்பீடு என்று ஒன்று திட்டத்தோடு சேர்ந்து வரவில்லை. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் மதகை இரு பக்கமும் திருப்பலாம், விதியை மாற்றி எழுதலாம். 2020-லேயே மறுஆய்வும் தொடங்கியது. என் ஐந்தாவது அளவுகோலில் இது நன்றாகத் தேறுகிறது.

சுப்பீரியர் மதகுகளும் இதே வகை. 2015 முதல் 2012 திட்டம் என்ற விதியில், சுப்பீரியரையும் மிச்சிகன்–ஹூரானையும் ஒன்றுக்கொன்று சமன் பார்த்து விடுகிறார்கள். அங்குள்ள மீன்வளத்துக்காக அரை மதகு அளவாவது எப்போதும் திறந்திருக்கும். மட்டத்தில் அது தரும் மாற்றம் சின்னதுதான்.

## வழி 3: செயின்ட் கிளேர் ஆற்றில் அடித்தடுப்பு

மிச்சிகன்–ஹூரான் கரையில், முக்கியமாக ஜார்ஜியன் விரிகுடாவில், அதிகம் கேட்கப்படுவது இது. ஆற்றின் தரையில் கல்லாலோ கான்கிரீட்டாலோ திட்டுகள் வைத்து ஓட்டத்தைச் சற்றுத் தடுப்பது. கோரிக்கையில் நியாயம் உண்டு. கப்பல் போக்குவரத்துக்காக அந்த ஆற்றை முப்பதுகளிலும், மறுபடி 1960–62-லும் ஆழப்படுத்தினார்கள். ஈடுகட்டும் தடுப்புகள் கட்டுவதாகச் சொன்னார்கள், கட்டவேயில்லை. 1963-க்கும் 2006-க்கும் நடுவில் மிச்சிகன்–ஹூரானுக்கும் ஈரிக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 23 சென்டிமீட்டர் குறைந்தது. அதில் 7 முதல் 14 சென்டிமீட்டர் ஆறு கூடுதலாகத் தண்ணீர் கடத்தத் தொடங்கியதால் என்று ஆணையத்தின் ஆய்வு கணக்கிட்டது. மீதியில் பெரும்பகுதி தட்பவெப்பம். 2013 ஏப்ரலில், 13 முதல் 25 சென்டிமீட்டர் வரை மட்டத்தை உயர்த்தும் வழிகளை ஆராயலாம் என்று ஆணையம் இரு அரசுகளுக்கும் பரிந்துரைத்தது.

சரி, உடனே கட்டியிருந்தால்? அந்தப் பரிந்துரை வந்தபோதே ஏரி ஏறத் தொடங்கியிருந்தது. 2013 தொடக்கத்திலிருந்து இரண்டே ஆண்டுகளில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஏறியது. 2020-ல் உச்சங்கள் முறிந்தபோது, தரையில் பதித்த தடுப்பு அதே 13–25 சென்டிமீட்டரை அந்த உச்சத்தின் மேல் ஏற்றிவைத்திருக்கும். தாழ்ந்த ஆண்டில் கேட்டு வாங்கியது, உயர்ந்த ஆண்டில் வீட்டு வாசலுக்கு வரும்.

மறைமுகச் செலவுகள் இன்னும் உண்டு. மேல் ஏரி நிரம்பி முடியும்வரை, பல ஆண்டுகள் ஈரிக்கும் ஒன்டாரியோவுக்கும் வரத்து குறையும். அந்த ஆறு ஏரி ஸ்டர்ஜன் மீன்கள் முட்டையிடும் முக்கியமான இடம்; ஆற்றுத் தரையை மாற்றினால் அவற்றைத் தொடாமல் இருக்க முடியாது. அப்புறம் நிலமே நகர்கிறது. பனியுகத்துப் பனிப்பாளங்களின் கனம் போனதால் ஜார்ஜியன் விரிகுடாப் பக்கத்து நிலம் ஆற்று வாயை ஒப்பிட்டால் மெல்ல எழுகிறது. சிகாகோ, மில்வாக்கி பக்கம் தாழ்கிறது. வடக்கே இருப்பவருக்கு ஏரி விலகிப்போவது போலத் தெரிவதில் ஒரு பங்கு இது. அவருக்காக ஏரியை உயர்த்தினால் தெற்கே ஏற்கெனவே கரை இழப்பவர் இன்னும் இழப்பார்.

தடுப்பு சரியான தேர்வாகும் நிலை ஒன்றுதான்: வருங்காலம் வறட்சிப் பக்கமே போகும் என்று உறுதியாகத் தெரிந்தால். அந்த உறுதி இன்று யாரிடமும் இல்லை. கேட்பவர்கள் மேல் எனக்கு முழு அனுதாபம் உண்டு. கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

## வழி 4: ஐந்து ஏரிகளுக்கும் மதகு

கேட்க முழுமையாகத் தோன்றும். செயின்ட் கிளேர் ஆற்றிலும் நயாகரா ஆற்றிலும் மதகு போட்டு, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் இயக்குவது. 1993-ல் முடிந்த ஆய்வும் 2012-ல் முடிந்த ஆய்வும் இதைக் கூர்ந்து பார்த்தன, இரண்டும் வேண்டாம் என்றே முடித்தன. செலவு பல நூறு கோடி டாலர். நடு ஏரிகளில் குறைக்கும் தண்ணீருக்கு இடம் கொடுக்க, கீழே செயின்ட் லாரன்ஸை அகழ்ந்து கொள்ளளவைக் கூட்ட வேண்டிவரும். அத்தனை செய்த பிறகும் வரத்து கட்டுக்குள் வராது என்பதால் உச்ச தாழ்வுகள் முழுதாகப் போகாது. அத்தோடு, மட்டம் ஒரே சீராகிவிட்டால் ஒன்டாரியோவின் சதுப்புநிலங்களுக்கு நேர்ந்தது எல்லா ஏரிகளுக்கும் நேரும்.

## வழி 5: பக்கவாய்க்கால்களைத் திருப்புவது

லாங் லாக், ஓகோகி வாய்க்கால்கள் நாற்பதுகளின் தொடக்கத்திலிருந்து வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்குப் போக வேண்டிய தண்ணீரை சுப்பீரியருக்குத் திருப்புகின்றன. இரண்டும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 150 கன மீட்டர். சிகாகோவில் 1900-ல் திறந்த கால்வாய் மிச்சிகனிலிருந்து தண்ணீரை மிசிசிப்பிப் பக்கம் எடுக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் வைத்த வரம்பு நொடிக்கு 91 கன மீட்டர்.

'உயர்ந்த ஆண்டில் வடக்கு வாய்க்காலை மூடி, சிகாகோவை அகலத் திறந்தால் என்ன?' முழு விளைவு மிச்சிகன்–ஹூரானில் சில சென்டிமீட்டர்தான், அதுவும் வந்துசேரப் பல ஆண்டுகள். அதற்குள் ஏரி தானே இறங்கியிருக்கும். சிகாகோ வழி கூடுதலாக விட்டால் இல்லினாய் ஆற்றோர ஊர்களுக்கு வெள்ளம். அவசரக் காலத்தில் ஓகோகியைக் குறைப்பது செய்யத்தக்க சின்ன உதவி. அதற்கு மேல் இதில் நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை.

## வழி 6: ஏரியை விட்டுவிட்டுக் கரையை மாற்றுவது

கட்டும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுவது, தாழ்ந்த சாலைகளையும் கழிவுநீர் நிலையங்களையும் உயர்த்துவது, திரும்பத் திரும்ப மூழ்கும் வீடுகளை அரசு வாங்கிக்கொள்வது. மிச்சிகன் மாநிலத்தில் அரிப்பு அதிகமான கரைகளில், வரும் 30 அல்லது 60 ஆண்டு அரிப்பைக் கணக்கிட்டு அந்த அளவு தள்ளித்தான் கட்ட வேண்டும் என்ற விதி உண்டு. 2019 வெள்ளத்துக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் ஒன்டாரியோ, செயின்ட் லாரன்ஸ் கரைகளுக்கு 30 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

ஏரி ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. ஆனால் உயர்ந்த ஆண்டிலும் தாழ்ந்த ஆண்டிலும் உதவும் வழி இது ஒன்றுதான். கடைமடையில் யாரும் இதனால் நனையமாட்டார்கள். மதகால் தொடவே முடியாத ஒன்றையும் இது தாங்கும்: காற்று. பலத்த மேற்குக் காற்றில் ஈரியின் தண்ணீர் பஃபலோ பக்கம் குவிந்து, அங்கும் டொலிடோவிலும் மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் வேறுபடுவதுண்டு, அதுவும் சில மணி நேரத்தில்.

மறைமுகச் செலவு, தடுப்புச் சுவரை இதோடு குழப்பிக்கொள்வதில் வருகிறது. சுவர் எழுப்பினால் அலை சுவரின் அடியைத் தோண்டும். கரையிலிருந்து வர வேண்டிய மணல் நின்று, பக்கத்து வீட்டுக்காரரின் மணற்கரை தேயும். அவரும் சுவர் கட்டுவார். இப்படியே கரை முழுதும் கல்லாகும். வீட்டை வாங்கிக்கொள்வதும் சுலபமில்லை. மூன்று தலைமுறையாக ஒரே கரையில் இருக்கும் குடும்பத்திடம் நகரச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை எந்தச் செலவுக் கணக்கும் காட்டாது.

| வழி | மட்டத்தில் மாற்றம் | சுமை யார் மேல் | உயர்வு, தாழ்வு இரண்டுக்கும்? | திரும்பப் பெறலாமா |
|---|---|---|---|---|
| 1. இறுக்கமான விதி | சராசரி ஆண்டில் நன்று, உச்ச ஆண்டில் சிறிது | சதுப்புநிலம், மான்ட்ரியல் | ஓரளவு | ஆம் |
| 2. தளர்ந்த விதி | உச்ச ஆண்டில் ஏறத்தாழ அதே | தாழ்ந்த கரை வீடுகள் | ஓரளவு | ஆம் |
| 3. அடித்தடுப்பு | 13–25 செ.மீ உயர்வு | தெற்குக் கரை, மீன், ஈரி | தாழ்வுக்கு மட்டும் | மிகக் கடினம் |
| 4. எல்லா மதகும் | உச்சம் குறையும், போகாது | இரு நாட்டு வரி, சதுப்புநிலம் | ஓரளவு | இல்லை |
| 5. பக்கவாய்க்கால் | சில செ.மீ, தாமதமாக | இல்லினாய், வடக்கு ஆறுகள் | ஓரளவு | ஆம் |
| 6. கரை மாற்றம் | இல்லை | கரை வீடுகள், உள்ளூர் வரி | ஆம் | பெரும்பாலும் |

## யார் எதைத் தேர்ந்தெடுப்பது

ஒன்டாரியோ கரையில் ஏற்கெனவே வீடு இருப்பவர் பழைய விதிக்குத் திரும்பச் சொல்லிப் போராடுவதைவிட, இரண்டாம் வழியோடு ஆறாம் வழிக்கான பணத்தையும் சேர்த்துக் கேட்பது அதிகம் பலன் தரும். பழைய விதி வந்தாலும் 2019 போன்ற ஆண்டு திரும்ப வரும். உயர்த்திய வீடு அதைத் தாங்கும், விதி தாங்காது. சதுப்புநில மீட்பின் பலன் எல்லோருக்கும் போகும்போது அதன் சுமையைச் சில ஆயிரம் வீடுகள் மட்டும் சுமப்பது சரியில்லை. இழப்பீட்டைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

மிச்சிகன்–ஹூரான் கரைக்காரருக்கு மதகு என்று ஒன்று இல்லவே இல்லை. அடித்தடுப்பு மனுவில் கையெழுத்துப் போடும் முன் 2013, 2020 இரண்டு மட்டங்களையும் தன் வீட்டுக் கரையில் குறித்துப் பார்க்கட்டும். மேல் கோட்டோடு 25 சென்டிமீட்டர் கூட்டினால் வீடு நிற்குமா என்பதுதான் அவர் எடுக்க வேண்டிய முடிவு. மிதக்கும் படகுத்துறையும் நீளமான உறிஞ்சுகுழாயும் தாழ்ந்த ஆண்டுகளுக்குப் போதும் என்று பல இடங்களில் தெரியவரும்.

கப்பல் நிறுவனங்களின் கணக்கு வேறு. ஆயிரம் அடி நீளக் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் குறைந்தால் ஏறத்தாழ 100 டன் சரக்கைக் குறைக்க வேண்டும். அவர்கள் உயர்ந்த மட்டத்தைக் கேட்பது இயல்பு. கருத்துக்கேட்பில் அவர்கள் குரலும் மின்நிலையங்களின் குரலும் தயாரான புள்ளிவிவரத்தோடு வரும். வீட்டுக்காரர்கள் தங்கள் கரையின் அளவுகளை எழுதிக்கொண்டு போவது நல்லது.

இனிமேல் வாங்கப்போகிறவருக்கு முடிவு சுலபம். ஒன்டாரியோ மாகாணப் பக்கம் என்றால் உள்ளூர் இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்திடம் நூறாண்டு வெள்ள மட்டத்தையும் (எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மட்டம்) அரிப்பு எல்லையையும் கேளுங்கள். அமெரிக்கப் பக்கம் என்றால் மாநில அரிப்பு வரைபடத்தைப் பாருங்கள். வீட்டின் தரை அந்த மட்டத்துக்கு மேலும், சுவர் அந்த எல்லைக்குப் பின்னாலும் இல்லையென்றால், மதகு விதி எதுவாக இருந்தாலும் அந்த வீட்டை வாங்காதீர்கள்.